பெயர் பெறுமுன்னரே மறையும் உயிரினங்கள்

செங்கலடிச் சந்தியில் பிரியும் பதுளை வீதியால் கறுத்தப்பாலத்தைக் கடந்து மேற்கே சென்றால் கரடியனாறு என்ற ஊர் வருகிறது. மட்டக்களப்பு மாவட்டத்தில் இத்தகைய ஊர்ப்பெயர்கள் பல. முதலைக்குடா, புலிபாய்ந்தகல், மயிலம்பாவெளி, கொக்குவில் எனத் தொடரும் இப்பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் அது ஒரு விலங்கியல் அட்டவணையாகவே தோன்றும். காடு வெட்டிக் கழனி அமைத்த நம் முன்னோர், தமக்கு முன்பே அங்கு குடியிருந்த உயிரினங்களின் பெயரைத் தாம் குடியேறிய நிலத்துக்கும் இட்டனர்.

அப்பெயர்களுக்கு உரிய விலங்குகளிற் சில இன்றும் நம்மிடையே உள்ளன. சில அருகிவிட்டன. இலங்கைக் கரடிகளின் தொகை நாடு முழுவதிலும் ஆயிரத்துக்கும் குறைவென மதிப்பிடப்பட்டுள்ளது. எனினும், நாளை கரடியினம் முற்றாக அழிந்தாலும் கரடியனாறு என்ற பெயர் இருக்கும். இங்கு ஒரு காலத்தில் அப்படியொரு விலங்கு வாழ்ந்தது என்பதற்கு அப்பெயரே சாட்சி கூறும். ஆனால், மனிதனால் அறியப்படாத, பெயரிடப்படாத ஓர் உயிரினம் அழிந்துபோனால் அதற்குச் சாட்சி சொல்ல எவருமில்லை. இன்று உலகில் நிகழும் உயிரின அழிவில் பெரும்பகுதி இவ்வாறு எவருமறியாமலே நிகழ்கிறது என உயிரியலாளர் கருதுகின்றனர். இதனை அவர்கள் 'இருண்ட அழிவு' எனக் குறிப்பிடுகின்றனர்.

கணக்கில் வராத உயிர்கள்

உயிரினங்களுக்கு விஞ்ஞான முறைப்படி பெயரிடும் வழக்கத்தைச் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 18ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்தினார். விலங்குகளின் பெயரீட்டுக்கு 1758ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூற்பதிப்பே இன்றுவரை தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. அன்று முதல் இரண்டரை நூற்றாண்டுகளாகப் பணி நடைபெற்று வந்துள்ள போதிலும், 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, பூமியில் பக்றீரியா போன்ற நுண்ணுயிர்கள் நீங்கலாக ஏறத்தாழ 87 இலட்சம் உயிரினங்கள் இருக்கலாம் எனவும், அவற்றுள் பட்டியலிடப்பட்டவை சுமார் 12 இலட்சம் மட்டுமே எனவும் மதிப்பிட்டது. தரையில் வாழ்பவற்றில் 86 சதவீதமும் கடலில் வாழ்பவற்றில் 91 சதவீதமும் இன்னும் விவரிக்கப்படவில்லை என்பது அதன் முடிவாகும்.

சைவ மரபு உயிர்வகைகளை எண்பத்து நான்கு இலட்சம் யோனி பேதம் என வகுத்துக் கூறுவதை வாசகர்கள் அறிவர். இரண்டு எண்களும் அண்மித்திருப்பது தற்செயலே; ஒன்றைக் கொண்டு மற்றையதை நிறுவ முற்படுவது பொருந்தாது. ஆயினும், கண்ணுக்குத் தெரிபவை மாத்திரமே உலகமல்ல என்ற உணர்வு நம் முன்னோரிடம் இருந்தது என்பதை அம்மரபு காட்டுகிறது.

மறுபுறத்தில் அழிவின் வேகம் அதிகரித்து வருகிறது. புவியின் வரலாற்றில் ஐந்து பேரழிவுகள் நிகழ்ந்துள்ளன. டைனோசர்கள் மறைந்த இறுதிப் பேரழிவு 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் ஏற்பட்டது. அவை யாவும் இயற்கையால் நேர்ந்தவை. இன்றைய அழிவுக்கு மனிதனே காரணம். ஐக்கிய நாடுகளின் ஆதரவில் இயங்கும் உயிர்ப்பல்வகைமை தொடர்பான அரசுகளுக்கிடையிலான விஞ்ஞானக் குழு 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 10 இலட்சம் உயிரினங்கள் அழிவை எதிர்நோக்கியுள்ளன என எச்சரித்தது. கடந்த ஒரு கோடி ஆண்டுகளின் சராசரியை விட இன்றைய அழிவு பத்து மடங்கு முதல் நூற்றுக்கணக்கான மடங்கு வரை வேகமானது என்றும் அவ்வறிக்கை கூறியது.

கண்டறியப்பட்ட உயிரினங்களும் எவ்வளவு விரைவில் மறையக்கூடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. மன்னார்க் கடலில் கடற்பன்றி எனவும் ஆவுளியா எனவும் அழைக்கப்படும் விலங்கின் பேருருவ உறவினமான கடற்பசுவொன்று வட பசுபிக் கடலில் வாழ்ந்தது. 1741ஆம் ஆண்டில் ஜேர்மானிய இயற்கையியலாளர் ஸ்டெல்லர் அதனைக் கண்டு விவரித்தார். மாமிசத்துக்காக வேட்டையாடப்பட்ட அவ்வினம் 1768ஆம் ஆண்டளவில் முற்றாக அழிந்தது. கண்டுபிடிப்புக்கும் அழிவுக்கும் இடைப்பட்ட காலம் வெறும் 27 ஆண்டுகளே.

மலைநாட்டின் மௌனம்

இவ்விடயத்தில் இலங்கைக்கு உலக அரங்கில் ஒரு துயரமான இடமுண்டு. 2005ஆம் ஆண்டளவில் உலகெங்கும் அழிந்துவிட்டதாக உறுதிப்படுத்தப்பட்டிருந்த ஈரூடகவாழிகள் 34. அவற்றுள் 19 இனங்கள் இலங்கைக்கு மட்டுமே உரியனவாக இருந்த தவளைகளாகும். சிறியதொரு தீவு உலகின் தவளை இழப்பில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை ஏற்க நேர்ந்தமைக்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் மலைநாட்டுக் காடுகள் முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டன. இலங்கையின் புதர்த்தவளைகளிற் பெரும்பாலானவை நீரில் முட்டையிடுபவை அல்ல. காட்டின் ஈரமண்ணிலும் இலைகளிலும் அவை இடும் முட்டைகளிலிருந்து வாற்பேய்ப் பருவமின்றி நேரடியாகவே தவளைக் குஞ்சுகள் வெளிவரும். மரநிழல் நீங்கி மண் காய்ந்ததும் அடுத்த தலைமுறைக்கு வழியில்லாது போயிற்று.

அந்த 19 இனங்களையும் பற்றி நாம் அறிவதற்குக் காரணம், காடு அழியுமுன்னரோ அழிந்துகொண்டிருந்த வேளையிலோ எவரோ சில தவளைகளைப் பிடித்துச் சாராயப் போத்தலில் இட்டு ஐரோப்பிய நூதனசாலைகளுக்கு அனுப்பியிருந்தமையாகும். 1990களில் ரொஹான் பெத்தியாகொட, கெலும் மனமேந்திர ஆரச்சி, மாதவ மீகஸ்கும்புர ஆகியோர் நாடு முழுவதும் தேடி ஆராய்ந்து, அந்தப் பழைய மாதிரிகளுடன் ஒப்பிட்டபோதே இழப்பின் அளவு தெரியவந்தது. போத்தலில் இடப்படாத, எவர் கண்ணிலும் படாத இனங்கள் எத்தனை அந்தக் காடுகளுடன் எரிந்துபோயின என்பதை இனி எவராலும் கூற இயலாது.

எனினும் அதே தேடல் மகிழ்ச்சியான மறுபக்கத்தையும் காட்டியது. 1990களின் தொடக்கத்தில் ஐம்பதளவில் இருந்த இலங்கையின் அறியப்பட்ட தவளை இனங்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன. அழிந்ததாகக் கருதப்பட்ட சில இனங்களும் திரும்பக் கிடைத்தன. இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட் 1853ஆம் ஆண்டில் விவரித்த, உடலெங்கும் நட்சத்திரம் போன்ற புள்ளிகளைக் கொண்ட புதர்த்தவளை அதன் பின்னர் எவராலும் காணப்படவில்லை. சிவனொளிபாதமலை என இந்துக்களும் பாவா ஆதம் மலை என முஸ்லிம்களும் போற்றும் மலையைச் சூழ்ந்த வனத்தில் 2009ஆம் ஆண்டில் அது மீண்டும் காணப்பட்டது. ஏறத்தாழ 160 ஆண்டுகள் அது அங்கேயே வாழ்ந்திருக்கிறது. அந்த வனம் வெட்டப்படாமல் எஞ்சியிருந்ததே அதற்குக் காரணம் என்பதை மறத்தலாகாது.

குரலால் அறியப்பட்ட ஆந்தை

புதிய உயிரினம் எப்போதும் கண்ணிலேதான் முதலிற் படும் என்பதில்லை. 1995ஆம் ஆண்டில் பறவையியலாளர் தீபால் வாரகாகொட, கித்துல்கல மழைக்காட்டில் இரவு வேளையில் தாம் அதுவரை அறிந்திராத ஒரு குரலைக் கேட்டார். அறியப்பட்ட எந்தப் பறவையின் குரலுடனும் அது பொருந்தவில்லை. அவர் அதனை விட்டுவிடவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 2001ஆம் ஆண்டு ஜனவரியில் சிங்கராஜ வனத்தில் அக்குரலுக்குரிய சிறிய செந்நிற ஆந்தையை நேரில் கண்டார். 2004ஆம் ஆண்டில் அது புதிய இனமாக விஞ்ஞான உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னர் இலங்கையில் புதிய பறவையொன்று கண்டறியப்பட்டது 1868ஆம் ஆண்டிலாகும்.

குரல் கேட்கிறது, உரியவர் யாரெனத் தெரியவில்லை என்ற நிலை மட்டக்களப்பு மக்களுக்குப் புதியதல்ல. நமது வாவியே அத்தகைய புதிரைத் தன்னுள் வைத்திருக்கிறது.

வாவியின் தீராத புதிர்

வடக்கே ஏறாவூர், செங்கலடிப் பிரதேசங்களிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு மட்டக்களப்பு வாவி நீண்டு கிடக்கிறது. பாலமீன்மடு முகத்துவாரத்தின் ஊடாகவும் பெரியகல்லாற்றின் ஊடாகவும் அது கடலுடன் கலக்கிறது. இவ்வாவி காரணமாகவே இப்பிரதேசம் 'மீன்பாடும் தேன்நாடு' எனப் பெயர் பெற்றது. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், பௌர்ணமியை அண்டிய இரவுகளில், கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தித் துடுப்பை நீரில் ஊன்றி அதன் மேல்முனையில் காதை வைத்தால் நீரடியிலிருந்து இசை போன்ற ஒலி கேட்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் அனுபவம்.

இது வெறும் கற்பனைக் கதையல்ல. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது, நிலாவொளியில் படகில் சென்று அவ்வொலியைத் தாமே கேட்டதாக எழுதியுள்ளார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் நாதத்துக்கு அவர் அதனை ஒப்பிட்டார். ஒரே ஒலியாக அல்லாமல், தனித்தனியான பல நுண்ணொலிகளின் சேர்க்கையாக அது இருந்தது என்பதும் அவரது குறிப்பாகும். 1950களில் மட்டக்களப்பில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவு செய்தார். இலங்கை வானொலியும் அதனை ஒலிபரப்பியது.

ஆனால், அவ்வொலியை எழுப்புவது எது? டெனன்டிடம் மீனவர்கள் காட்டியது மீனையல்ல, ஊரியை. ஊரி, சிப்பி போன்ற ஓட்டுடலிகள் இவ்வாறு ஒலி எழுப்பும் முறை எதுவும் இதுவரை தெளிவாக்கப்படவில்லை. மீன்களைப் பொறுத்தவரை, காற்றுப்பையைச் சூழ்ந்த தசைகளை அதிரச் செய்து ஒலி எழுப்பும் இனங்கள் பல அறியப்பட்டுள்ளன. ஆயினும், வாவியில் கேட்கும் ஒலிக்கு இன்ன உயிரினமே காரணம் என ஐயத்துக்கிடமின்றி இன்றுவரை நிறுவப்படவில்லை. அறியப்பட்ட ஓர் இனமாகவும் அது இருக்கலாம். அறியப்படாததாகவும் இருக்கலாம்.

இத்தகைய புதிர்கள் விடுவிக்க முடியாதவையல்ல. 1980களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சோசலிட்டோ என்ற இடத்தில் படகு வீடுகளில் வாழ்ந்தோரைக் கோடைகால இரவுகளில் எழும் ஒருவித ரீங்காரம் உறங்கவிடாது தொந்தரவு செய்தது. கழிவுநீர் இயந்திரங்கள் மீதும் இராணுவத்தினர் மீதும் சந்தேகம் எழுந்தது. ஈற்றில் அது, இனப்பெருக்க காலத்தில் பெண்மீனை அழைப்பதற்காக ஆண்மீன்கள் எழுப்பும் ஒலியெனக் கண்டறியப்பட்டது. அங்கு தொல்லையாக இருந்த ஒலியின் மூலம் சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. இங்கு பெருமையாகக் கொண்டாடப்படும் ஒலியின் மூலம் 175 ஆண்டுகளுக்கு மேலாகியும் தெரியவில்லை.

முன்போல இப்போது அவ்வொலி கேட்பதில்லை என்பது வாவிக்கரையோரத்து முதியவர்கள் பலரின் கூற்றாகும். வாகன இரைச்சல் அதனை அமுக்குகிறதா, அல்லது ஒலியை எழுப்பிய உயிரினமே குறைந்துவிட்டதா என்பதைக் கூற நம்மிடம் தொடர்ச்சியான பதிவுகள் இல்லை. மீன்பாடும் நாட்டில் பாடுவது எதுவெனத் தெரியாமலே பாட்டு நின்றுவிடுமானால், எதை இழந்தோம் என்பதைக்கூட நம்மால் சொல்ல முடியாது.

வலையில் வரும் அறிவு

'கண்டுபிடிக்கப்படாத உயிரினம்' என்ற சொற்றொடரையும் சற்றுக் கவனத்துடனேயே கையாள வேண்டும். 1938ஆம் ஆண்டு டிசம்பரில் தென்னாபிரிக்கக் கரையில் இழுவைப்படகொன்றின் வலையில் விநோதமான நீலநிற மீனொன்று அகப்பட்டது. ஈஸ்ட் லண்டன் நகர நூதனசாலையின் இளம் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி லட்டிமர், மீன் குவியலில் அதனைக் கண்டு பத்திரப்படுத்தினார். டைனோசர்களுடன் அழிந்துவிட்டதாக நம்பப்பட்ட சீலகாந்த் என்ற மீன் அதுவாகும். இரண்டாவது மீன் கிடைக்க 14 ஆண்டுகள் ஆயின. 1952ஆம் ஆண்டில் அது கொமொறோஸ் தீவுகளிற் கிடைத்தபோது, அத்தீவுகளின் முஸ்லிம் மீனவர்கள் அம்மீனை முன்பே நன்கறிந்திருந்தனர் என்பதும் அதற்குத் தம் மொழியில் 'கொம்பெஸ்ஸா' எனப் பெயரிட்டிருந்தனர் என்பதும் தெரியவந்தது. 1997ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் மீன்சந்தையொன்றில் காணப்பட்ட மற்றோர் இனத்தையும் அங்குள்ள மீனவர்கள் 'கடலரசன்' என்ற பொருளில் அழைத்து வந்தனர்.

இதிலிருந்து பெறப்படும் பாடம் தெளிவானது. விஞ்ஞானத்துக்குப் புதியது மீனவருக்குப் பழையதாக இருக்கலாம். மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலையும் அத்தாங்கும் கொண்டு தொழில் செய்யும் தமிழ், முஸ்லிம் மீனவர்களிடம் எந்த மீன் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் ஏறும், எந்த நண்டு எந்தக் கண்டலடியில் தங்கும் என்ற நுட்பமான அறிவு உண்டு. அவ்வறிவு ஏட்டில் எழுதப்படவில்லை. உரியவர் மறையும்போது அதுவும் உடன் மறைகிறது. உயிரினம் அழிவதைப் போன்றே, அதனைக் குறிக்கும் ஊர்ச்சொல் அழிவதும் இழப்பே.

ஏன் கவலைப்பட வேண்டும்?

ஒரு தவளையோ ஊரியோ மறைந்தால் மனிதனுக்கு என்ன நட்டம் எனச் சிலர் வினவக்கூடும். 1972ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் ஒருவகைத் தவளை கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெண்தவளை முட்டைகளை விழுங்கி, இரைப்பையிலேயே குஞ்சுகளை வளர்த்து, வாய்வழியாக வெளியிட்டது. அக்காலம் முழுவதும் இரைப்பையில் அமிலம் சுரப்பதை அதனால் நிறுத்திவைக்க முடிந்தது. குடற்புண் நோய்க்கு வழிகாட்டக்கூடிய இவ்வியல்பை ஆராய்ச்சியாளர்கள் ஆராயத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1981ஆம் ஆண்டுக்குப் பின்னர் அது காட்டில் காணப்படவில்லை. அறிவதற்கு நமக்குக் கிடைத்த காலம் பத்தாண்டு கூட இல்லை. மாறாக, கடலில் வாழும் கூம்புச் சங்கொன்றின் நஞ்சிலிருந்து அறியப்பட்ட பொருளைக் கொண்டு தயாரிக்கப்பட்ட கடும்வலி நிவாரணி 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. முன்னையது தவறிய வாய்ப்பு. பின்னையது தப்பிய வாய்ப்பு.

சட்டத்தின் பார்வையிலும் பெயர் முக்கியமானது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் அட்டவணைகளின் மூலம் இனங்களுக்குப் பாதுகாப்பளிக்கின்றன. பெயரில்லாத உயிரினம் அட்டவணையில் இடம்பெற முடியாது.

எனினும் பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது நமது சமயங்களுக்கு உடன்பாடன்று. நூஹ் நபியின் கப்பலில் ஒவ்வோர் இனத்திலும் இணை இணையாக ஏற்றப்பட்ட வரலாற்றை முஸ்லிம்கள் அறிவர். எவ்வுயிரும் இறைவன் உறையும் இடமென்பது சைவர்களின் நம்பிக்கை. இரண்டு நெறிகளிலும் பயனற்ற உயிர் என ஒன்று ஒதுக்கப்படவில்லை.

செய்யத்தக்கவை

வாவிக்கு நேர்ந்துள்ள கேடுகள் கண்கூடானவை. கரையோரம் கொட்டப்படும் குப்பை, நகர்ப்புறக் கழிவுநீர், வயல்களிலிருந்து வடியும் உர, கிருமிநாசினி எச்சங்கள், மண்நிரப்பி நிலமாக்குதல், தடைசெய்யப்பட்ட தங்கூசி வலைகள் ஆகியன அவற்றுட் சில. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா போன்ற அந்நிய மீன்களும் உள்நாட்டு இனங்களுடன் போட்டியிடுகின்றன. மாரிகாலத்தில் வெள்ளம் வடிவதற்காக முகத்துவாரம் வெட்டப்படும் வேளைகளில் வாவியின் உவர்நீர், நன்னீர்ச் சமநிலையும் மாறுகிறது. வயலைக் காப்பதும் வேண்டியதே. ஆனால் எப்போது, எவ்வளவு வெட்டுவது என்பதை விவசாயிகளும் மீனவர்களும் ஒன்றாக அமர்ந்து தீர்மானிப்பது இரு சாராருக்கும் நன்மை தரும்.

கண்டல், தில்லை மரங்களின் வேர்களிடையேதான் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. போர்க்காலத்தில் பல இடங்களில் இம்மரங்கள் வெட்டப்பட்டன. நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டம் 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு வாவிக்கரையின் ஒவ்வொரு துண்டு நிலத்திலும் நடைமுறையாக வேண்டும்.

அறியும் பணிக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. செங்கலடியை அடுத்த வந்தாறுமூலையிலேயே கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. நீரடி ஒலிவாங்கி ஒன்றும் ஒரு தோணியும் அனுபவமுள்ள மீனவர் சிலரும் இருப்பின், ஆண்டு முழுவதும் வாவியின் ஒலியைப் பதிவு செய்யும் பணியைத் தொடங்கலாம். வலையில் வழமைக்கு மாறான மீனோ நண்டோ அகப்பட்டால் அதனைப் படமெடுத்து, நாளும் இடமும் குறித்து அனுப்பும் பழக்கத்தைக் கடற்றொழில் சங்கங்கள் ஏற்படுத்தலாம். வாவியின் உயிரினங்களுக்கு முதியவர்கள் வழங்கும் பெயர்களைத் திரட்டித் தொகுக்கும் பணியை ஏறாவூரிலும் செங்கலடியிலும் உள்ள பாடசாலைகளின் உயர்தர மாணவர்களிடம் ஒப்படைக்கலாம்.

நம் முன்னோர் கரடியைக் கண்டு ஓர் ஆற்றுக்கும், முதலையைக் கண்டு ஒரு குடாவுக்கும் பெயரிட்டுச் சென்றனர். அவர்கள் பாட்டை மட்டும் கேட்டனர், பாடியவரைக் காணவில்லை. ஆகவேதான் இன்னும் பெயரில்லை. அந்தப் பெயரைத் தேடி இடுவது இத்தலைமுறையின் கடமையாகும். அதற்கு முதலில், பாடுவது எதுவாயினும் அது பாடுவதற்கேற்ற நீரை நாம் விட்டுவைக்க வேண்டும்.